கண்ணாடி மாதிரி இருக்கு, எறங்குங்க

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடை மழையில், எங்கள் வீட்டு டிவி பாதிப் படத்தில் உறைந்து நின்றபோது கூடத்தில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, நான். இல்லாதவர் அத்தான். அக்காவைக் கட்டியவர், நல்ல மனுஷர், எல்லோருக்கும் மீ கோரேங் தப்பாவ் பண்ணி, அதாவது பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வரக் கீழே போயிருந்தார். அவர் இல்லாததால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

நடந்தது இவ்வளவுதான். கதாநாயகி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். மழை பெய்தால் எங்கள் தட்டு ஆன்டெனா கோபித்துக்கொள்ளும், அது வழக்கம். அப்பா மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பத்து காவான் என்கிற ஊரில் இப்போது நாங்கள் இருப்பது அடுக்குமாடி. எங்களுக்கு மேலே எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன, கூரை எங்கேயோ இருக்கிறது. இருந்தாலும் பார்த்தார். அவர் பார்ப்பதை அம்மா பார்த்தாள். ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைக்காமலே, "கண்ணாடி மாதிரி இருக்குங்க, எறங்குங்க" என்றாள்.

அக்கா முதலில் சிரித்தாள். அப்புறம் நான். அப்பா கடைசியில் சிரித்தார், ஆனால் அவர்தான் அதிக நேரம் சிரித்தார். மீ கோரேங் பொட்டலங்களோடு உள்ளே வந்த அத்தான், டிவி நின்றுபோன வீட்டில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார். அக்கா சொல்லிப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல சிரிக்க என்னலா இருக்கு?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்து தட்டு ஆன்டெனா வீட்டில் வளர்ந்தவர். உங்களுக்காவது புரிகிற மாதிரி சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.

இப்போது வீட்டில் இருக்கிற டிவிக்கு வாசனை கிடையாது. சுவரில் படம் மாதிரி தொங்குகிறது. பழைய டிவிக்கு வாசனை இருந்தது. நாங்கள் அப்போது ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவில், ஒரு மசாலாக் கடையின் மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே கடை வைத்திருந்தவரை ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டதால், அவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எனக்குப் பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கூட்டிக் கடைப் பலகையைப் படித்த அன்றுதான் தெரிந்தது. அப்பா அந்தக் கடையில் மூட்டை தூக்கினார். கீழே அரவை மெஷின் ஓடினால் மேலே எங்கள் பலகைத் தரை லேசாக நடுங்கும். இடுக்கு வழியாக மிளகாய்த் தூள் ஏறி வரும். முதுகில் பெரிய கூன் வைத்த எங்கள் டிவியின் ஓட்டைகளுக்குள்ளும் அது போய்ப் படிந்திருந்தது. டிவி போட்டுக் கொஞ்ச நேரம் ஆனால் யாரோ உள்ளே உட்கார்ந்து தாளிக்கிற மாதிரி வாசனை வரும். சோகமான காட்சிகளில் நாங்கள் அழுதோமா தும்மினோமா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

தட்டு ஆன்டெனாவுக்கு மாசாமாசம் பணம் கட்டணும் என்பதால் அப்பா அதை வீட்டுக்குள் விடவில்லை. எங்களுக்கு இருந்தது கூரை ஆன்டெனா. பெரிய மீனின் முள் மாதிரி கம்பி கம்பியாக நீட்டிக்கொண்டு, இரும்புக் குழாயில் கட்டி, ஓட்டுக் கூரையின் உச்சியில் நிற்கும். அது கடலைத் தாண்டி, ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிற ஜெராய் மலையைப் பார்த்து நிற்க வேண்டும். காற்றடித்தால் வேறு பக்கம் பார்க்கும். காக்கா உட்கார்ந்தாலும் அப்படித்தான். உடனே டிவியில் பூச்சி பறக்க ஆரம்பிக்கும், செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு இரண்டு தலை வரும்.

அப்பா ஏணியை எடுப்பார்.

எங்கள் வீட்டின் நடுவில், அந்தக் காலக் கடைவீடுகளில் இருக்கிற மாதிரி, மேலே வானமும் கீழே கடையும் தெரிகிற திறப்பு ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் ஏணியைச் சாய்த்து அப்பா கூரைக்கு ஏறுவார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். பாசி பிடித்த ஓட்டில் கால்விரலை ஊன்றி நிற்க வேண்டும், செருப்பு அதற்கு ஆகாது என்பார். அவர் மேலே போனதும் நாங்கள் அவரவர் இடத்துக்குப் போய் நிற்போம். திறப்பின் ஓரத்தில் அம்மா. அவளுக்குத்தான் அப்பா தெரிவார். நடு வழியில் அக்கா. முன்னறையில் டிவி முன்னால் நான். அரவை மெஷின் சத்தத்தில் நான் சொல்வது நேராக அப்பாவுக்குக் கேட்காது என்பதால் இந்த ஏற்பாடு.

"வந்துருச்சா?" என்பார் அப்பா மேலே இருந்து. அம்மா அதை அக்காவுக்குச் சொல்வாள், அக்கா எனக்கு. நான் பார்த்துவிட்டு "வந்துருச்சு" என்பேன். அந்தச் செய்தி அக்கா வழியாக அம்மாவுக்குப் போய் அப்பாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பா ஆன்டெனாவை இன்னும் கொஞ்சம் திருப்பியிருப்பார். படம் போய்விடும். "போச்சு" என்பேன். அதுவும் போய்ச் சேரும்போது மறுபடி வந்திருக்கும். இப்படியே போகும். கீழேயிருந்து நானா அம்மாவிடம், "தங்கச்சி, எங்க கடைக்கு வந்துருச்சு, ஒங்களுக்கு வந்துருச்சா?" என்று கேட்பார். அவர் கடையில் டிவியே கிடையாது.

இது இப்படியே போயிருந்தால் வெறும் வேடிக்கை. ஆனால் ஒரு மழை நாளில், நான் டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, தலைக்கு மேலே பலகை முறிகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் உத்தரப் பலகையைத் துளைத்துக்கொண்டு ஒரு கால். முழங்கால் வரைக்கும் தொங்குகிறது. அப்பாவின் கால்தான்; பெருவிரல் நகம் மூட்டை விழுந்து கறுத்தது, அதை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஓடு ஒன்று உருண்டு திறப்பு வழியாகக் கீழே போய் மல்லி மூட்டைமேல் விழுந்தது. நல்லவேளை, மூட்டைமேல் விழுந்தது. கால் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, விரல்கள் மட்டும் எதையோ தேடுகிற மாதிரி அசைந்தன. அப்புறம் மெல்ல மேலே போய்விட்டது. அந்த ஓட்டை வழியாக அப்பாவின் குரல், கூப்பிடுகிற தூரத்தில், "தம்பி, இப்ப வந்துருச்சா?" என்று கேட்டது.

அன்றிலிருந்து அம்மா பொய் சொல்ல ஆரம்பித்தாள்.

அப்பா மேலே போய் ஆன்டெனாவைத் தொட்ட உடனே, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, அம்மா, "கண்ணாடி மாதிரி இருக்குங்க, எறங்குங்க" என்பாள். முன்னறையில் செய்தி வாசிக்கிறவருக்கு அந்த நேரம் தலையே இருக்காது. அக்கா என்னைப் பார்ப்பாள், நான் அக்காவைப் பார்ப்பேன். அம்மா இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அப்பா இறங்கி, கால் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் டிவி முழுக்கப் பூச்சி. "இப்பத்தான் போச்சு. நீங்க எறங்குனீங்க, ஒடனே போச்சு" என்பாள் அம்மா. குரலில் ஒரு நடுக்கம் இருக்காது. அப்பா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாங்கள் பூச்சிக்குள்ளே ஆட்களைத் தேடிப் படம் பார்த்தோம். நான் வளர்ந்த வருடங்களில் பார்த்த படங்களில் பாதியை முகம் தெரியாமல்தான் பார்த்திருக்கிறேன். வசனத்தை வைத்துக் கதாநாயகனைக் கண்டுபிடிப்பதில் அக்கா கெட்டிக்காரி.

ஒரு பொய் எங்கே போய் வேர் விடுகிறது பாருங்கள். தான் மேலே நின்றால் படம் வருகிறது, இறங்கினால் போய்விடுகிறது என்று அப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டாகிவிட்டது. தன் உடம்பில் ஏதோ இருக்கிறது என்று கடையில் எல்லோரிடமும் சொன்னார். நானா அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு தருகிறேன், நாடே நல்ல படம் பார்க்கட்டும், ஜெராய் மலைமேல் போய் நில்லுங்கள் என்றார். அப்பா அசரவில்லை. தனக்குப் பதிலாக நிற்கட்டும் என்று, தான் சாப்பிடுகிற அலுமினியத் தட்டில் துளை போட்டு ஆன்டெனாக் குழாயில் கட்டிவிட்டு வந்தார். காற்றடித்தால் அது டங் டங் என்று அடித்துக்கொள்ளும். சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். படம் என்னவோ அப்படியேதான் இருந்தது.

அப்பா நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனவர். அம்மா அதுவும் இல்லை. அக்கா பாதியில் நிறுத்திவிட்டு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வேலைக்குப் போனாள். கடைசி வரைக்கும் படித்தது நான்தான். படித்தவன் வீட்டில் இருந்தால் பட்டன் உள்ள எல்லாப் பொருளும் அவன் கைக்கு வந்துவிடும். கைத்தொலைபேசி, ரைஸ் குக்கர், கரண்ட் பில், எல்லாம் நான்தான். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கிளினிக்கில் டாக்டருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்று பேசுவதும் என் வேலை.

அங்கேதான் விஷயம் தெரிந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்து சில வருடம் ஆகியிருந்தது. டாக்டரம்மா மெல்லிய நைலான் நரம்பு ஒன்றால் அப்பாவின் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்கச் சொன்னார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "தெரியுது" என்றார். டாக்டரம்மா கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். அப்பா அதற்கும் "தெரியுது" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்து, காலில் உணர்ச்சி போய்விட்டது, எதில் மிதிக்கிறார் என்று அவருக்கே தெரியாது, இனி ஏணி, மாடி, வழுக்கும் இடம் எதுவும் வேண்டாம் என்றார். மூட்டை வேலையை நானா மாற்றிக்கொடுத்தார். பொட்டலம் ஒட்டுகிற இடத்தில் உட்காரவைத்தார். ஆனால் கூரை வேலையை யார் மாற்றுவது? படம் போனால் அப்பா ஏணியைத் தேடினார். அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். அவர் எடுத்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் டிவி எல்லாம் டிஜிட்டல் ஆகப்போகிறது, பழைய ஒளிபரப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று சொன்னார்கள். உதவித்தொகை வாங்குகிற வீடுகளுக்குப் பெட்டி இலவசம் என்றார்கள். நான் போய் வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அப்பா அதைத் தூக்கிப் பார்த்து, கனமே இல்லையே, உள்ளே ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா அதைத் தொடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதுக்கு யாரும் மேல ஏறணுமா தம்பி?"

தேவையே இல்லை என்றேன். இனிமேல் பூச்சி, இரண்டு தலை, ஆள் இறங்கினால் படம் போவது எதுவும் கிடையாது. வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் சுத்தமாக வராது, நடுவில் ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு கவனமாகக் கேட்பார் என்று தெரிந்திருந்தால் நான் கொஞ்சம் குறைவாக விளக்கியிருப்பேன்.

பழைய ஒளிபரப்பு நின்ற அன்று, கூரையிலிருந்து வருகிற ஒயரைப் பெட்டியில் சொருகி, பெட்டியை டிவியில் சொருகி, பட்டனை அழுத்தினேன். நீலத் திரை வந்தது. சிக்னல் இல்லை என்று மலாயில் எழுதியிருந்தது. மறுபடி தேடச் சொன்னேன். மறுபடி அதே நீலம். ஒயரைக் கழற்றி ஊதிச் சொருகினேன். காகிதத்தை எடுத்துப் படித்தேன், மலாயில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம். படித்தவன் செய்கிற வேலை அதுதானே. நான் குனிந்து படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஏணி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

"திருப்பணும்லா. வேற ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

காலையில் தூறல் போட்டிருந்தது. அம்மா ஏணியைப் பிடித்தாள்; ஏறாமல் இருப்பதற்காகப் பிடித்தாள், அது ஏறுகிறவருக்குப் பிடித்துக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. நான் ஓடிப்போய் வேண்டாம்ப்பா என்று சொல்வதற்குள் அவர் பாதிக்கு மேல் போயிருந்தார். ஒவ்வொரு படியிலும் காலை வைத்துவிட்டு, வைத்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்தபிறகு யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் திரும்பிப் பார்ப்பாரோ என்று பயம். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாமல் டிவி முன்னால் போய் நின்றேன். அக்கா நடு வழியில் நின்றாள். வழக்கம் காலைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டது.

தலைக்கு மேலே ஓடு நொறுநொறு என்றது. குழாயில் கட்டிய அலுமினியத் தட்டு ஒரு தடவை டங் என்றது. "வந்துருச்சா?" என்றார் அப்பா. அக்கா கேட்டாள். நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு நான் வாயைத் திறப்பதற்குள், அம்மாவின் குரல் கேட்டது.

"வந்துருச்சுங்க. கண்ணாடி மாதிரி இருக்கு. எறங்குங்க."

அவர் இறங்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. முதல் படிக்காகக் கால் காற்றில் துழாவியதை அக்கா பார்த்தாளாம். அம்மா ஏணியில் பாதி ஏறிப்போய், எட்டி அந்தப் பாதத்தைப் பிடித்து, படியில் வைத்து, அழுத்திக் காட்டினாளாம். அடுத்த படிக்கும் அப்படியே. கடைசியில் தரையில் நின்றபோது அப்பாவின் முட்டியெல்லாம் பாசி. கால் கழுவப் போகவில்லை. நேராக முன்னறைக்கு வந்தார். திரை நீலமாக இருந்தது. அம்மா, "இப்பத்தான்..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பெட்டி வந்த அன்று நான் கொடுத்த விளக்கம் அந்த அறையில் எங்கள் எல்லோருக்கும் நடுவில் நின்றது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

அம்மா உத்தரத்தில் தகரம் அடித்து மூடிய இடத்தைக் காட்டினாள். "அந்த ஓட்டையில கால் தொங்குச்சுல்ல. அன்னையிலேர்ந்து. ஒரு நாளும் வந்ததில்ல."

அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். தான் நின்றால்தான் வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவர். அப்பா துண்டை எடுத்து முட்டியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நீ எப்ப சொல்லுவேன்னுதான் மேல நிப்பேன். பயமா இருக்கும். நீ சொல்லாம நானே எறங்குனா நல்லாவா இருக்கும்?"

அக்கா பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சிரிக்கவில்லை. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, அடியில் எங்காவது வெட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெட்டியிருந்தால் அவருக்குத் தெரியாது அல்லவா. வெட்டவில்லை.

நான் கொம்தார் பக்கம் டிவி சாமான் விற்கிற கடைக்கு ஓடினேன். எங்கள் பழைய மீன்முள் ஆன்டெனா புதிய ஒளிபரப்புக்கு ஆகாதாம். ஜெராய் மலைமேலேயே கொண்டுபோய் நட்டிருந்தாலும் வந்திருக்காது. கையடக்கமான ஒன்றும் நீள ஒயரும் வாங்கி வந்தேன். டிவி பக்கத்தில் வைத்தால் நீலம். ஜன்னல் ஓரம் வைத்தால் படம் ஒரு நொடி வந்து சிலையாக நின்று போனது. இன்னும் வெளியே போகணும் என்று முணுமுணுத்தேன். வெளியே என்றால் கூரை. அப்பா என்னைப் பார்த்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

அம்மா எழுந்தாள். முன் ஜன்னலுக்குப் போய், துணி காயப்போட வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியை உள்ளே இழுத்தாள். தெருப்பக்கத்து மேல்மாடி ஜன்னல்களில் எல்லாம் அப்படி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தினமும் சட்டையும் கைலியும் அதில் கோத்து வெளியே தள்ளுவதில் அம்மாவுக்குப் பல வருடப் பழக்கம். கழியின் நுனியில் அந்த ஆன்டெனாவை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள், ஒயரைச் சுற்றினாள், கைலி தள்ளுகிற மாதிரியே வெளியே தள்ளினாள். கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தாள்.

செய்தி வாசிக்கிறவர் வந்துவிட்டார். ஒரே தலை. நெற்றியில் பொட்டு, காதில் கல், எல்லாம் தெரிந்தது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, எல்லோரும் ஒரே அறையில் இருந்தோம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்கு இவ்ளோ வயசாயிருச்சா" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. ஈரப் போர்வை காயப்போட்ட நாளில் கழி வளைந்து படம் நின்றுவிடும். கீழே நானா தலையை வெளியே நீட்டி, "தங்கச்சி, ஒங்க டிவி காஞ்சுருச்சா?" என்பார். அம்மா உள்ளே இருந்தபடியே கழியைத் திருப்பிக்கொள்வாள். அவ்வளவுதான் வேலை.

அப்புறம் நான் வேலைக்குப் போய், வாடகை ஏறி, இங்கே மாறி வந்துவிட்டோம். அந்த மேல்மாடியில் இப்போது காபிக் கடை வைத்திருக்கிறார்கள். கூன் போட்ட டிவி இல்லை, தாளிக்கிற வாசனை இல்லை. வழியில் நின்று ஒருத்தர் கேட்டதை இன்னொருத்தருக்குச் சொல்வதும் போய்விட்டது. இப்போது பக்கத்து அறைக்கே மெசேஜ் அனுப்புகிறோம். கூரையில் அப்பா கட்டிவிட்ட சாப்பாட்டுத் தட்டை மட்டும் யாரும் போய் எடுக்கவில்லை. காற்றடித்தால் இன்னும் டங் என்று அடிக்குமோ என்னவோ, ஏறிப்போய்ப் பார்க்கப் போவதில்லை. ஏணியை அம்மா மறுநாளே நானாவுக்குக் கொடுத்துவிட்டாள், காசு கேட்காமல்.

அத்தானுக்காகச் செலவையும் சொல்லிவிடுகிறேன், அவர் கணக்குப் பார்க்கிறவர். பெட்டி இலவசம். ஆன்டெனா எங்கள் ஊர்ப் பணத்தில் முப்பத்தைந்து வெள்ளி, ஒயர் பன்னிரண்டு, ரப்பர் பேண்டு வீட்டில் இருந்தது. அப்பா கூரையிலிருந்து நிரந்தரமாக இறங்கி வர எங்களுக்கு ஆன செலவு நாற்பத்தேழு வெள்ளி.